ராகு காலத்தில் நின்ற சர்வர்

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டிப் பிழைத்த குடும்பம் சௌந்திரத்தினுடையது. இப்போது லாரிப் பட்டறைக்கு மேல்மாடியில் அந்த அம்மாள் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறார். தொழில் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. ராகு காலத்தில் லாரியையும் எடுக்கக் கூடாது, சர்வரையும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

அங்கே ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவள் ஆட்டையாம்பட்டி சத்யபிரியா. ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும் தன் மிஷினில் ஓடும் சர்வரை நிறுத்தி, மறுபடி கிளப்பி, அது எழும்வரை தேவுடு காத்துக் கிடக்க வேண்டும். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஓடுகிற சர்வரிலேயே திருத்தத்தை ஏற்றிவிடும் டூல் ஒன்றைத் தேடிப் பிடித்து, எல்லார் மிஷினிலும் பொருத்தினாள். வேலை பறந்தது.

டீம் லீடர் மோகன்குமார் என்ன செய்தான்? "நாந்தானுங்க கொண்டாந்தேன்" என்று முதலாளியம்மாவிடம் கூசாமல் சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டான். கேட்கப் போனவளிடம், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இத்தன வாயி?" என்றான். இருடா, உன் வாயாலேயே என் பேரைச் சொல்ல வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் வெள்ளியங்கிரி தமக்கான சாஃப்ட்வேரைப் பார்க்க வந்தார். வந்த நேரம் ராகு காலம்.

"ஒடஞ்ச முட்டைக்குத் தனிக் கட்டம் வேணுமுங்க. இப்பவே காட்டுனா இன்னிக்கே முடிச்சுக்கலாமுங்க" என்றார்.

"மோகனு, உன்ற டூலுலயே மாத்திக் காட்டு சாமி" என்றார் சௌந்திரம்.

அவனுக்கு அதன் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. வேர்த்து விறுவிறுத்து, பழைய பழக்கத்தில் தன் மிஷின் சர்வரை நிறுத்தித் தொலைத்தான். திரும்ப ஸ்டார்ட் பண்ணப் போன கையை முதலாளியம்மாள் தட்டிவிட்டார்.

"ராகு காலத்துலயா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

சத்யபிரியாவின் மிஷினில் சர்வர் காலையிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் முழிக்கிற முழியை ஆசை தீரப் பார்த்தாள். அடடா, என்ன சுகம்!

சௌந்திரம் அவள் பக்கம் திரும்பினார். "உன்றது ஓடுதா சாமி?"

"ஓடுதுங்கம்மா. இந்த டூலக் கொண்டாந்தது யாருன்னு அவரு சொல்லட்டுங்க. அப்பறம் மாத்தறேன்."

வெள்ளியங்கிரி கிளம்புவதற்கு எழுந்துவிட்டார்.

"இந்தப் புள்ளதானுங்க" என்று முனகினான் மோகன்குமார்.

"பேரச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"சத்யபிரியாதானுங்க."

உட்கார்ந்தாள், தட்டினாள். புதுக் கட்டம் திரையில் வந்து நின்றது. வெள்ளியங்கிரி அங்கேயே பேசி முடித்தார். லீடர் வேலை அன்றைக்கே சத்யபிரியாவுக்கு வந்தது.

மோகன்குமார் மெல்ல அவளிடம் வந்தான். "மனசுல வெச்சுக்காத சத்யா."

"வெச்சுக்குவேனுங்க" என்றாள் அவள். "போயி உக்காருங்க. இனி நீங்க எழுதற ஒவ்வொரு வரியும் எங்கிட்டக் காட்டித்தான் உள்ள போகோணும்."