யார் துணையும் இல்லாமல் விண்ணப்பம் நிரப்புவது

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இணையதளத்துக்கு ஒரு பிளகினைத் தேர்ந்தெடுக்க ஒரு மனிதனுக்கு ஏன் இரண்டு மாதம் ஆயிற்று என்பது உங்களுக்கு விளங்காது. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் எனக்கு வாசித்துச் சொல்லும். மவுஸைத் தொடாமல் கீபோர்டை வைத்தே எல்லா வேலையையும் பார்த்துவிடுவேன்.

என்னைப் போன்றவர்களுக்காகப் பன்னிரண்டு ஒலிப் பாடங்கள் பதிவு செய்தேன். ஆன்லைன் விண்ணப்பத்தை யார் துணையும் இல்லாமல் நிரப்புவது எப்படி என்பதுதான் பாடம். புகைப்படம் ஏற்றுவது, கையெழுத்து ஏற்றுவது, பிறந்த தேதிப் பெட்டியில் மாட்டிக்கொண்டு முழிக்காமல் வெளியே வருவது என்று ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன். மின்விசிறிச் சத்தம் பதிவில் விழக்கூடாது என்று அதை நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதில் பனியன் பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனைந்தது. இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் உண்டு. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சாதி, வருமானம், மதிப்பெண் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி இன்னொருவரை நிரப்பச் சொன்ன நாட்கள் எனக்கு மறக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் நான் கணக்கில் எத்தனை வாங்கினேன் என்பது தெரியும்.

பாடம் தயார். அதை விற்க ஓர் இணையதளம் வேண்டும். உறுப்பினராகச் சேர்வது, பணம் கட்டுவது, பாடத்தைத் திறந்துவிடுவது ஆகிய வேலைகளையெல்லாம் பிளகின் என்று தளத்தில் சேர்க்கும் ஒரு சிறு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அப்படி நூறு பிளகின் இருக்கும் போலிருக்கிறது. ஒவ்வொன்றின் மாதிரிப் பக்கத்தையும் காதால் கேட்டுப் பார்த்தேன். முதல் பிளகின் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: பட்டன், பட்டன், பட்டன், பட்டன். எந்தப் பட்டன், எதற்கான பட்டன் என்று அதைச் செய்தவனுக்கே வெளிச்சம். இரண்டாவது பிளகின் அருமையாக வாசித்தது, ஆனால் நம் ஊர் ஆட்கள் போனிலிருந்து பணம் அனுப்ப அதில் வழி இல்லை. மூன்றாவதில் எதைத் தொட்டாலும் வீடியோ தானாக ஓடி, இங்கிலீஷில் ஒருவன் உற்சாகமாகக் கத்தினான். அவனை அறையலாம் போல இருந்தது.

தளம் கட்டித்தரும் அண்ணாச்சி ஒருவர் எனக்கு நீண்டநாள் பழக்கம். அவர் நான்காவதாக ஒன்றைக் காட்டினார். காட்டினார் என்று நானும் சொல்கிறேன் பாருங்கள்.

"பார்க்க அம்சமா இருக்கு வே. உள்ள வாறவன் அசந்துருவான்" என்றார்.

உள்ளே வருகிறவர்கள் யார் என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அவர் சிரித்துச் சமாளித்தார். அந்தப் பிளகினிலும் குறைகள் இருந்தன. ஆனால் அதற்குள் நான் களைத்துப்போயிருந்தேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எவ்வளவு மோசமான பக்கமாக இருந்தாலும் மனப்பாடம் செய்து ஜெயித்துவிடுவோம். பதினோரு முறை டேப் விசை, ஒரு என்டர், பிறகு நாலு டேப். இரண்டு நாளில் எனக்கு அது தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பழகிவிட்டதைத்தான் நன்றாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

என் பாடங்களைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு ஏரலில் இருந்து ஒரு பெண் போன் செய்தது அந்த வாரத்தில்தான். பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவள். வயது இருபத்தேழு. அண்ணன் வீட்டில் இருந்தாள், அண்ணனுக்குக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. என்னைப் போலவே டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்றாள். அண்ணனுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணன் கெட்டவன் இல்ல சார். சோறு போடுதான், துணி எடுத்துக் குடுக்கான். வேலைன்னு வாயெடுத்தா மட்டும், ஒனக்கு இங்கன என்ன கொறைங்கான். ஒரே ஒரு தடவ என் பேர நானே எழுதி அனுப்பிப் பாக்கணும் சார்."

போனிலேயே சொல்லித்தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். மதினி பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பாளாம், ஆண் குரலோடு தினமும் பேசினால் கேள்வி வரும். இயர்போனை மாட்டிக்கொண்டு பாடம் கேட்டால் பாட்டுக் கேட்கிறாள் என்று விட்டுவிடுவார்களாம். சரி, உங்களுக்காகவே தளத்தைச் சீக்கிரம் திறக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவளிடம் காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை, இலவசமாகச் சேர ஒரு கூப்பன் எண்ணைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் தளம் திறந்தது. அன்று எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

இரண்டு நாள் அவளிடமிருந்து பேச்சில்லை. பாடத்தில் மூழ்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மதியம் பேசினாள். பெயர், முகவரி, கடவுச்சொல் எல்லாவற்றையும் தட்டி முடித்தபின், நீங்கள் மனிதர்தானா என்று தளம் கேட்டிருக்கிறது. சிக்னல் விளக்கு இருக்கும் படங்களை மட்டும் தொடவும். கண்றாவி! பார்வையில்லாதவர்களுக்கான தளத்தின் வாசலில் படம் பார்த்துக் கதை சொல்லச் சொல்லும் பரீட்சை. படத்துக்குப் பதிலாக ஒலி என்று ஒரு வழியும் இருந்தது. அதில் இரைச்சலுக்கு நடுவே இங்கிலீஷில் ஏதோ முனகல். எட்டு முறை முயன்றிருக்கிறாள். எட்டாவது முறைக்குப் பிறகு அதுவும் பூட்டிக்கொண்டது.

எனக்கு ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டேன். முதல் நாளே சாருக்குத் தொந்தரவா என்று இருந்துவிட்டாளாம். மதினியிடம், இதுல சிக்னல் எங்கன இருக்கு என்று கேட்டிருக்கிறாள். மதினி பாவம், ஆசையாகத்தான் தொட்டுக் கொடுத்திருக்கிறாள். கதவு திறந்ததும் வந்த தலைப்பையும் அவளே வாய்விட்டு வாசித்திருக்கிறாள். யார் துணையும் இல்லாமல் விண்ணப்பம் நிரப்புவது எப்படி. அது என்ன விண்ணப்பம் என்று சாயங்காலம் அண்ணன் கேட்டானாம். அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பிடாமல் எழுந்து போயிருக்கிறான். என் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லையா என்று அழுதானாம்.

"கிளாஸ் வேண்டாம் சார். வச்சிருதேன்."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பிக்கும்போதே வைத்துவிட்டாள்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் பிளகினின் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடி, ஒரு சிறிய பெட்டியில் டிக் போட்டிருப்பதாகச் சொன்னார். பிளகின் வரும்போதே அந்தப் படப் பரீட்சையும் சேர்ந்து வருமாம். வேண்டாமென்றால் டிக்கை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மாதம் ஒவ்வொரு பட்டனையும் காதால் தடவிப் பார்த்த எனக்கு இது ஏன் தட்டுப்படவில்லை? தளத்தின் முதலாளி என்று அண்ணாச்சியே எனக்குக் கணக்குத் திறந்து முதல் நாளே உள்ளே உட்காரவைத்துவிட்டார், புதிதாகச் சேரும் பக்கம் என் முன்னால் வரவே இல்லை. நான் ஒரு நாளாவது வெளியே வந்து, புது ஆளாக வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்வை உள்ளவர்கள் இதைச் செய்திருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பேன். செய்தது நான். யாரைத் திட்ட?

விடும்வே, அடுத்த ஆளுக்குச் சரியா இருக்குமுல்லா என்றார் அண்ணாச்சி. அடுத்த ஆளை நினைக்க எனக்குத் தெம்பில்லை.

கடைசித் தேதியன்று காலையில் மனசு கேட்காமல் அவள் எண்ணுக்குப் போன் செய்தேன். அவள் சொல்லச் சொல்ல நானே இங்கிருந்து நிரப்பி அனுப்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை. யார் துணையும் இல்லாமல் என்று பன்னிரண்டு பாடம் பேசியவனுக்கு அன்று அதுகூடப் போதும் என்றிருந்தது. எடுத்தது அண்ணன். மரியாதையான, அமைதியான குரல். நான் யார் என்று சொன்னதும், தங்கச்சி சொன்னாள் சார், ரொம்ப நன்றி என்றான். அவளிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றேன்.

"இப்ப போன் என்கிட்டதான் சார் இருக்கு. அவளுக்கு என்ன சொல்லணுமோ என்கிட்ட சொல்லுங்க. நான் சொல்லிருதேன்."

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.