வார்டில் யாரும் விழாத நாட்கள்

இடது கெண்டைக்கால் வீங்கியபோது, என் மோட்டார் சைக்கிள் இனி யாருக்குப் போக வேண்டும் என்றுதான் நான் முதலில் யோசித்தேன். டாக்டரிடம் போகலாமே என்பது அப்புறம்தான் தோன்றியது. பயம் வந்தால் நான் இப்படித்தான். என் கற்பனையில் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே சங்கு ஊதிவிடுவார்கள்.

"காலுல எறும்பு கடிச்சாகூட காடு வரைக்கும் போயிட்டு வருவ நீ. ஏந்துரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

திருவொற்றியூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. கால் நரம்பில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று படுக்கவைத்துவிட்டார்கள். ரத்தம் மேலும் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி. "இந்த ஊசி போடற வரைக்கும் எங்கயும் இடிச்சுக்கக் கூடாது. முக்கியமா தலை. உள்ள ரத்தம் கசிஞ்சா வெளிய தெரியாது. இடிச்சா உடனே சொல்லணும்" என்றார் டாக்டர். நான் பலமாகத் தலையாட்டினேன். ஆட்டியது அதிகமோ என்று பயந்து, உடனே இரண்டு கையாலும் தலையைப் பிடித்து நிறுத்தினேன்.

வார்டு வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு போர்டு இருந்தது. நோயாளிகளைக் கவனிப்பதில் வார்டு முன்னேறுகிறதா என்று பார்ப்பதற்காக, பொறுப்பு சிஸ்டர் எங்கோ பயிற்சிக்குப் போய்வந்து மாட்டியதாம். படுக்கைப் புண் வராத நாட்கள் என்று ஒரு வரி. யாரும் கீழே விழாத நாட்கள் என்று இன்னொரு வரி. கொக்கியில் எண் அட்டைகள் தொங்கும். சாயங்காலம் சிஸ்டர் வந்து பழைய அட்டையைக் கழற்றிப் புது அட்டையை மாட்டுவார். அந்த நேரத்தில் எழுந்து உட்கார முடிந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து கைதட்டுவார்கள். முடியாதவர்கள் கட்டில் கம்பியைத் தட்டுவார்கள்.

அந்தப் போர்டைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. எண்ணூரில் நான் ஃபிட்டராக இருக்கும் கம்பெனியின் கேட்டிலும் இதே மாதிரி ஒன்று உண்டு: விபத்தில்லா நாட்கள். எண் பெரிதானால் எல்லோருக்கும் பிரியாணி, சில சமயம் குடை. அதனால் எங்கள் ஒர்க்ஷாப்பில் யாராவது விரலை நசுக்கிக்கொண்டால், அவன் விரலுக்கு முன்னால் நாங்கள் போர்டைத்தான் பார்ப்போம். அவனை ஆட்டோவில் ஏற்றி, வீட்டுக் கதவில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லவைப்போம். எங்கள் ஆட்களின் வீட்டுக் கதவுகளைப் போல ஆபத்தான கதவுகள் இந்த ஊரில் வேறெங்கும் கிடையாது.

பக்கத்துக் கட்டில்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சர்க்கரையால் பாதத்தில் புண். அவர்களிடமும் ஒரு போர்டு உண்டாம், அங்கேயும் கதவுகள் மோசமாம். ஒரே நிமிடத்தில் தோஸ்து ஆகிவிட்டோம். எதிர்க் கட்டிலில் காசிமேட்டு மீன்பிடி லாஞ்சு டிரைவர் ஒருவர். நெஞ்சுச் சளி. அவருக்கு எங்கள் பெருமை பிடிபடவில்லை.

"விழுந்தா கத்தணும் நைனா" என்றார். "கடல்ல விழுந்தவன் கத்தலன்னு வச்சுக்கோ, லாஞ்சு பாட்டுக்குப் போய்க்கினே கீதும். நீ மீனாண்ட போர்டு காட்டிக்கினு இருக்க வேண்டியதுதான்."

"அது கடலு. இது டீசன்டான எடம்" என்றார் கிரேன்காரர்.

நான் சொல்லவந்த நாளுக்கு மறுநாள், யாரும் விழாத நாட்களின் எண் மூன்று இலக்கத்தைத் தொட இருந்தது. வார்டே பரபரப்பில் இருந்தது. கேசரி கிளறிக் கொண்டுவருவதாக என் மனைவி வாக்குக் கொடுத்திருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குளியலறைக்குப் போனேன். வாசற்படியைத் தாண்டிக் காலை வைத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது கூரையில் இருந்த விளக்கு. பின்னந்தலை கதவு நிலையில் 'ணங்' என்று பேசியது. சத்தம் கேட்டு கிரேன்காரர் ஒற்றைக் காலில் நொண்டியபடி வந்தார்.

மனிதனாகப் பிறந்தவன் அந்த இடத்தில் "அம்மா" என்றாவது கத்தியிருப்பான். நான் தரையில் மல்லாந்தபடி அவரைப் பார்த்துக் கேட்டேன்: "சிஸ்டர் பாத்தாங்களா?"

"இல்ல அண்ணாத்தே. மூச்சு வுடாத" என்றார் அவர்.

குனிந்து தூக்கியபோது அவர் கண்ணாடியும் நழுவி ஈரத்தில் விழுந்தது. என்னுடையது ஏற்கெனவே அங்கேதான் கிடந்தது. இரண்டையும் துண்டில் துடைத்து, ஒன்றை எனக்கு மாட்டிவிட்டு ஒன்றை அவர் மாட்டிக்கொண்டார். கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவர்கள் மாதிரி சிரித்த முகத்தோடு திரும்பி வந்து படுத்தோம்.

லாஞ்சு டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "இன்னாமோ விழுந்த சத்தம் கேட்டுச்சு?"

"வாளி" என்றார் கிரேன்காரர்.

"வாளியா? 'சிஸ்டர் பாத்தாங்களா'ன்னு வாளி கேக்குமா?"

நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அப்போதுதான் வயிற்றில் போட்ட ஊசியும் டாக்டர் சொன்னதும் நினைவுக்கு வந்தன. உள்ளே கசிந்தால் வெளியே தெரியாது. தலையைத் தடவினேன், சின்னப் புடைப்பு. மெதுவாகக் கண்ணைத் திறந்து எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.

போர்டில் எண் தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ கரைந்துகொண்டிருந்தது. லாஞ்சு டிரைவருக்கு முகம் இல்லை. மீசை மாதிரி ஒரு கோடு மட்டும் மிதந்தது. கசிவு பார்வை நரம்பு வரை வந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். இன்னும் கொஞ்ச நேரம்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால் போர்டு ஞாபகம் வருகிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளினால் போதும். செத்தால் நாளை அட்டை மாட்டிய பிறகு செத்துக்கொள்ளலாம். கட்டிலில் படுத்தபடி சாவதைக் கீழே விழுந்த கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்றுகூட யோசித்தேன் என்றால், என் மூளை அடிபடுவதற்கு முன்பே எந்த நிலையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் கிரேன்காரர் பேப்பரை மூக்கோடு ஒட்டிப் பிடித்தார். பிறகு கையை முழுதாக நீட்டிப் பிடித்தார். பிறகு மடித்து வைத்துவிட்டு நெற்றியில் வியர்வையைத் துடைத்தார்.

"இன்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணியும் இல்ல. உனுக்கு?"

"ஒண்ணியும் இல்ல."

சிஸ்டர் மாத்திரைத் தட்டோடு வந்தார். என்னைப் பொறுத்தவரை ஒரு வெள்ளைப் புகை வந்தது. அந்தப் புகை "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும் என் தியாகமெல்லாம் உடைந்தது.

"சிஸ்டர்! நான் விழுந்துட்டேன்! தலையில அடி! கண்ணு போயிடுச்சு! என் வண்டிய மச்சானுக்குக் குடுக்காதீங்க!"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது, டாக்டர் வந்தார், டார்ச் வந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுத் தலை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குகைக்குள் படுத்துக்கொண்டு, தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். தெரியாத சாமிகளுக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டேன். வெளியே வந்ததும் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்றார். இந்த வாக்கியத்தை என் மனைவி பல வருஷமாகச் சொல்லி வருகிறாள். ராத்திரி வரை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு அவர் போனார்.

"அப்ப கண்ணு ஏன் டாக்டர்..." என்று நான் பின்னாலேயே கத்தியபடி வார்டுக்குள் வந்தேன். கண்ணாடியை மறுபடி மாட்டினேன். மறுபடி புகை. அதற்குள் மனைவி வந்து சேர்ந்திருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"யோவ், யார் கண்ணாடிய மாட்டிக்கினு கீற? உன்துல காது பக்கம் நூல் சுத்தி இருக்குமே?"

கிரேன்காரர் தன் காதருகே தடவினார். நூல் தட்டுப்பட்டது. இரண்டுமே இலவசக் கண் முகாமில் கொடுத்த ஒரே மாதிரிக் கறுப்பு ஃபிரேம்.

"அடப்பாவி" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றியபடி. "சக்கரை கண்ணுக்கு ஏறிடுச்சுன்னு நான் இங்க மெர்சலாயிக்கினு கீறேன்!"

லாஞ்சு டிரைவர் சிரித்துச் சிரித்து இருமலில் சிவந்தார். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். "சரி, கண்ணாடி மாறிப்போச்சு. நிஜமாவே ரத்தம் கசிஞ்சிருந்தா? ஏன் சொல்லல?"

நான் என் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு போர்டைப் பார்த்தேன். இப்போது எண் பளிச்சென்று தெரிந்தது. "நாளைக்கு மூணு இலக்கம், சிஸ்டர். உங்களுக்குப் பேர் கெட்டுடும்னு..."

அவரும் போர்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எங்க விழுந்தீங்க?" என்றார்.

"குளியலறைப் படிய தாண்டினதும். இடது பக்கம்."

கிரேன்காரர் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து சிஸ்டர்... நானுந்தான். போன வாரம். அதே எடம். லேசாத்தான், குந்தின மாதிரி."

மூலைக் கட்டிலில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. ஜன்னல் பக்கமிருந்து இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் கேட்கிற மாதிரி.

சிஸ்டர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளா நான் தினம் சாயங்காலம் எதை மாட்டினேன்? நீங்கல்லாம் எதுக்குக் கைதட்டினீங்க?" என்று கேட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனார். நொண்டுகிறவர்கள் அத்தனை பேரும் ஊர்வலமாகப் பின்னால் போனோம். வாஷ்பேசின் குழாய் மூட்டிலிருந்து தண்ணீர் சுவரோரமாக இறங்கி, கதவுக்குப் பின்னால், திறந்தவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பளபளவென்று நின்றது. நான் தொழில் புத்தியில் ஸ்பானர் கேட்டேன். "நீங்க போய்ப் படுங்க" என்றார் சிஸ்டர். பிளம்பர் அன்றே வந்தார். மறுநாள் கதவருகே கைப்பிடிக் கம்பியும், கீழே ரப்பர் பாயும் வந்தன.

மறுநாள் சாயங்காலம் போர்டில் பூஜ்யம் தொங்கியது. மனைவி கேசரியோடு வந்து அதைப் பார்த்தாள். "செஞ்சத இன்னா பண்றது? முட்டைக்கே சாப்டுங்க" என்று எல்லோருக்கும் பரிமாறினாள். சர்க்கரைக்காரரான கிரேன்காரருக்குக் கிடைத்தது வாசனை மட்டும்.

வீட்டுக்கு அனுப்பி, சில வாரங்கள் கழித்துக் காலைக் காட்ட வரச் சொன்னார்கள். டாக்டரைப் பார்க்கும் முன்னால் வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். போர்டில் மெலிந்த ஓர் ஒற்றை இலக்கம். "குழாய் மறுபடி ஒழுகுதா?" என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு" என்றார் சிஸ்டர். "கட்டில்ல இருந்து எறங்கறப்ப அது நகந்து ஒருத்தருக்குக் கால் தடுக்கிடுச்சு. போட்ட கத்தல்ல அடுத்த வார்டுல இருந்தெல்லாம் ஓடி வந்துட்டாங்க. தரையத் தொடறதுக்குள்ள பிடிச்சாச்சு."

"தரையத் தொடலன்னா அது விழுந்த கணக்குல வராதே?"

"நானும் அதத்தான் சொன்னேன். அவரு கேக்கணுமே."

பழைய கட்டிலிலிருந்து கிரேன்காரர் கை காட்டினார். கண்ணாடியின் காதுப் பக்கம் சிவப்பு நூல் சுற்றியிருந்தார், மாறிப்போகாமல் இருக்க.

"போர்ட ஒடச்சது நான்தான் அண்ணாத்தே" என்றார், சம்பள உயர்வு கிடைத்தவர் மாதிரி. "கட்டில் சக்கரத்துக்குப் பூட்டு இல்லாம இருந்துச்சு. இப்ப பார், எல்லாக் கட்டிலுக்கும் போட்டாச்சு. இன்னா பாக்கற? தட்டு கைய."

நான் தட்டினேன். பிறகு குளியலறைக் கைப்பிடிக் கம்பியை ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, கால் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால்கூடத் தாங்கிக்கொள்ளும் தைரியத்தோடு அவர் அறைக்கு நடந்தேன்.