அம்மா ஆள் வைத்த கதை

சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆள் கிடைக்கவில்லை என்று ஊரெல்லாம் புலம்புவார்கள். கிடைத்த ஆளை வேலை செய்ய விடமாட்டார்கள். என் அம்மாவுக்கு அந்த வியாதி முற்றிப் போயிருந்தது.

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. குவார்ட்டர்ஸ் வீட்டின் முன்னறையில் அம்மா ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். வாட்ஸ்அப்பில் கழுத்து டிசைனை அனுப்பிவிட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்துகூட வந்து துணி கொடுத்தார்கள். அம்மாவின் கை அப்படி. ஆனால் அந்தக் கையே மக்கர் செய்தது. வலது தோளைத் தூக்கித் தலைகூட வார முடியவில்லை. இப்படியே போனால் மெஷினை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா ஒற்றைக் காலில் நின்று இரண்டாவது மெஷினை வாங்கிப் போட்டார். வேலைக்கு ஒரு அக்கா வந்தாள்.

அக்கா அரியமங்கலத்திலிருந்து சைக்கிளில் வருவாள். முன்பு ஒரு துணிக் கம்பெனியில் தைத்தவள். அவள் வந்ததில் வீட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரவிக்கைகளுக்கு ஹூக் கட்டுவது என் தலையில் விழுந்திருந்தது. இனி அந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன்.

எங்கே ஒழிந்தது? அக்கா வருவதற்குள் அம்மா அவசர அவசரமாக வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். அக்காவுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்தாள். அக்கா தைத்துக் கொடுத்த ரவிக்கையை வாங்கி, "நல்லாருக்கும்மா" என்று வாய் நிறையச் சொல்லி மடித்து வைத்தாள். அக்காவின் சைக்கிள் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, "பிளேடை எடுடி" என்பாள். கையைப் பிரித்து, பக்கத் தையலைப் பிரித்து, முழுவதையும் தானே திரும்பத் தைப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணியில் ஒட்டியிருக்கும் நூல் பிசிறுகளைப் பொறுக்க வேண்டும். அக்காவுக்குத் தெரியாமல் இருக்கத் தரையையும் கூட்ட வேண்டும். ஹூக்காவது போனதா? அக்கா கட்டிய ஹூக்கைப் பிரித்துவிட்டு நான் கட்ட வேண்டும்! என் ஹூக் எந்த விதத்தில் உசத்தி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எரிச்சலில் ஊசியால் விரலைக் குத்திக்கொண்டதுதான் மிச்சம்.

அப்பாவுக்கும் பொறுக்கவில்லை.

"ஒண்ணு ஆளை நம்பு, இல்ல ஆர்டரைக் குறை. ரெண்டும் இல்லாம எதுக்கு இந்தக் கூத்து?"

"என் பேருக்குத்தான் வந்து குடுக்கறாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா அவளையா கேப்பாங்க?" என்றாள் அம்மா. இரண்டு பேர் இருக்கிறார்களே என்று ஆர்டர் வேறு கூடியிருந்தது. தைப்பதோ அம்மா ஒருத்திதான். தோள் முன்னைவிட மோசமானது.

ஒருநாள் வலி தாங்காமல் அம்மா படுத்தேவிட்டாள். ஸ்ரீரங்கத்து மாமி ஒருவரின் பட்டு ரவிக்கை மட்டும் அக்கா தைத்தபடியே, பிரிக்கப்படாமல் போய்ச் சேர்ந்தது. மாமியின் கணவர் அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த உரிமையில், பெண்ணின் கல்யாணம் முடிந்த கையோடு மாமி ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஆரத்தி எடுக்கறச்சே கையைத் தூக்கினேன், பக்கம் முழுக்க விட்டுடுத்து. சம்பந்தியாத்துக்காரா எதிர்ல மானம் போயிடுத்து. நீயா இப்படித் தைச்சே?"

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. ரவிக்கையைப் புரட்டிப் பார்த்தாள். துணி கிழியவில்லை. தையல் ஒவ்வொன்றும் நீள நீளமாக, சும்மா பிடித்து வைத்தது போல் இருந்தது. மாமியைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, அக்காவின் முன்னால் அதைப் போட்டாள்.

"என்னம்மா இது?"

அக்கா பயப்படவில்லை. கொஞ்சம் சங்கடப்பட்டாள், அவ்வளவுதான்.

"எப்படியும் நீங்க பிரிச்சுத் தைக்கத்தானேக்கா போறீங்க. கெட்டியா அடிச்சா பிரிக்கறப்ப உங்களுக்குத்தான் தோள் வலிக்கும். அதான் கொஞ்ச நாளா லேசா ஓட்டிக் குடுக்கறேன். இதைப் பிரிக்காம அனுப்புவீங்கன்னு நான் நினைக்கலை."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்கா சோம்பேறி, செய்வதையும் செய்துவிட்டுச் சாக்கு சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் தரையை அவ்வளவு கூட்டியும் அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்ற கடுப்பு வேறு. அம்மா அவளை அப்போதே அனுப்பிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

அம்மா அந்த நீளத் தையலை மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்த ரவிக்கையை அக்காவிடமே நீட்டினாள்.

"உனக்குத் தைக்கற மாதிரி தைச்சுக் குடு."

அக்கா உட்கார்ந்து தைத்தாள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தைத்து முடித்து நூலை வெட்டிக் கொடுத்ததும், அம்மா ரவிக்கையை உள்பக்கமாகத் திருப்பினாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள்; ஒரு நூல்கூட விலகவில்லை. தையல் மேல் விரலை ஓட்டினாள், நிறுத்தினாள், மறுபடி ஓட்டினாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

அம்மா அழும் அளவுக்கா தையல் மோசம் என்று எனக்குப் பரிதாபமாகிவிட்டது. ஓடிப் போய்ப் பிளேடை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.