மரத்துப்போன சுண்டுவிரல்

நான்காம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்கு வயலின் வாங்க என் கணவர் மெட்ராஸுக்குத் தனியாகப் போய், பெரியவர்கள் வாசிக்கும் வயலினை வாங்கி வந்தார். "வளர்ற பொண்ணு, பெருசாவே இருக்கட்டும்" என்றார். பள்ளிச் சீருடையையும் நாங்கள் அப்படித்தான் வாங்குவோம்.

சில வாரம் கழித்து, சாப்பிடும்போது அவள் இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. "சுண்டுவெரலு மரத்துப் போவுதும்மா" என்றாள். விரல் மரத்துப்போனால் எங்கள் ஊரில் முதலில் தொழுநோய்தான் நினைவுக்கு வரும். யாரிடமும் வாய் திறக்காமல், அவள் கையை என் முந்தானையில் மூடிக்கொண்டு திருவள்ளூர் டாக்டரிடம் ஓடினேன்.

உணர்ச்சி இருக்கிறதா என்று அவர் ஊசியால் குத்தினார். "ஐயோ, வலிக்குது!" என்று அலறினாள். அந்த அலறலைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது!

"இந்தக் கையால இன்னா பண்ணுவே?" என்று டாக்டர் கேட்டார். வயலின் பிடிப்பதுபோல் கையை இழுத்து நீட்டிக் காட்டினாள்.

"எட்டாம இழுத்துக்கினு வாசிச்சா மரத்துதாம்மா போவும். கொழந்தைங்களுக்குச் சின்ன சைஸ் இருக்குதே!" என்றார்.

அரை அளவு வயலினாக மாற்றினோம். விரல் சரியாகிவிட்டது. இப்போது செருப்பு வாங்கக்கூட அவளைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். "வளர்ற பொண்ணு, பெருசா எடும்மா" என்று கடைக்காரர் சொன்னால், "வளந்தப்புறம் வந்து வாங்கிக்கினு போறோம்" என்று சொல்லிவிடுகிறேன்.