தலைவரம்மா கேட்ட பாரசீகக் கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அடுப்புப் புகை அந்த வழியாகப் போகும், பேச்சும் போகும். ஒரு சாயங்காலம் அதன் வழியாக ஒரு குரல் வந்தது. "அப்புறம் அந்தப் புள்ள என்ன செஞ்சிச்சு?" கேட்டவர் பக்கத்து வீட்டுத் தலைவரம்மா, எங்கள் தோட்டத் தொழிலாளர் தலைவரின் சம்சாரம். என் வீட்டுக்காரி எனக்கு வாசித்ததை அவரும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தே காலம் போய்விட்டது. வீட்டுக்காரி எட்டு வரை படித்தவள். அப்புத்தளைக் கடையில் சாமான் சுற்ற வைத்திருந்த ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். அட்டை இல்லை, முன்பக்கங்களும் இல்லை. பாரசீக ராஜாக்கள் பட்டத்துக்கு அடித்துக்கொண்ட கதைகள். மூத்த ராஜா தன் தம்பியை யாருக்கும் தெரியாமல் கொன்றுவிட்டு எகிப்தில் சண்டை போடுகிறான். தம்பி செத்தது ஊருக்குத் தெரியாது. தம்பியின் சாயலில் இருந்த ஒரு பூசாரி, நான்தான் தம்பி என்று சொல்லிச் சிம்மாசனத்தில் ஏறிவிட்டான். மூத்தவனும் திரும்பி வராமல் செத்தான். புது ராஜா வெளியே வருவதில்லை, பெரிய மனிதர்கள் யாரையும் பார்ப்பதில்லை. உத்தரவு மட்டும் வரும். ஒரு பிரபுவுக்குச் சந்தேகம். அந்தப்புரத்தில் ராணியாக இருந்த தன் மகளுக்குச் சொல்லி அனுப்பினார்: அவன் தூங்கும்போது காதைத் தடவிப் பார். பூசாரியின் காதுகளை ஏதோ குற்றத்துக்காக அந்த அண்ணன் தம்பியின் அப்பாவான பழைய மகாராஜா அறுத்திருந்தார். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தியபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தது.

அப்போது தலைவர் படுக்கையில் கிடந்தார். வாதம் அடித்துப் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். யாரும் பார்க்கக்கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அவருடைய தம்பி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே போவதும் வெளியே வந்து "அண்ணன் இப்படிச் சொன்னாரு" என்பதும் அவர்தான். எங்களுக்குத் தலைவரம்மா பேசுவது கேட்கும். தலைவர் மெதுவாகப் பதில் சொல்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டோம்.

தலைவர் விழுவதற்கு முன் ஒரு காரியத்தில் பிடிவாதமாக நின்றார். எங்கள் லயம் இருக்கும் சரிவில் வெடிப்பு விட்டிருந்தது. மழைக்கு அது அகலமாகிக்கொண்டே வந்தது. மேலே ஒரு சமதரை இருக்கிறது. அதில் எங்களுக்கு வீடு கட்ட வேண்டும் என்பது அவர் கேட்டது. தோட்டத்தை நடத்தும் துரைமார் அதை ஓட்டல் கட்ட வெளியாளுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். தலைவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இப்போது தம்பி சொன்னார்: "அண்ணன் சரின்னுட்டாரு. எடத்தக் குடுத்துருவோம், வேற எடம் தருவாங்க." யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் தலைவர் சொல். வாயை மூடிக்கொண்டோம்.

மறுநாள் சாயங்காலம் மீதிக் கதையைத் தலைவரம்மாவுக்கும் கேட்கும்படி உரக்கவே வாசிக்கச் சொன்னேன். அந்தப் பெண் இருட்டில் தடவிப் பார்த்தாள், காது இல்லை. பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தேதான் செய்தாள். ஏழு பிரபுக்கள் சேர்ந்து பூசாரியைக் கொன்றார்கள். ஏழு பேரில் டேரியஸ் என்பவன் ராஜாவானான். அவன் உட்காருவதற்குள் நாடு முழுக்கக் கலகம். ஒவ்வொரு சீமையிலும் ஒருவன் எழுந்து நான்தான் உண்மையான ராஜா என்றான்.

"அந்தப் புள்ள?" என்றார் தலைவரம்மா.

வீட்டுக்காரி பக்கத்தைப் புரட்டினாள். "புது ராஜாவும் அவளக் கட்டிக்கிட்டானாம்க்கா."

"யாரு வந்தாலும் அவ உள்ளயேதானா?"

வீட்டுக்காரி புத்தகத்தை மூடினாள். பிறகு அவரே பேசினார். "எனக்கு இருட்டுல தடவ வேண்டியதில்ல. பகல்லயே தெரியுது. அவருக்குப் பேச்சு வரல. விழுந்த அன்னையிலேருந்து ஒரு சொல்லு வரல. எந்திரிச்சிருவாரு, அதுக்குள்ள தலைவருக்குப் பேச்சு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா தோட்டம் துண்டு துண்டாப் போயிரும்னு கொழுந்தன் சொன்னாரு. நானும் எந்திரிச்சிருவாருன்னுதான் இருந்தேன்." பிறகு அழுகை. வீட்டுக்காரி எழுந்து அங்கே போனாள். அன்று எங்கள் வீட்டில் சோறு வடிக்கவில்லை.

காலையில் பெரட்டுக்கு எல்லோரும் நின்றோம். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரம். அன்றைக்குத்தான் ஆபீசில் கையெழுத்து. அண்ணனுக்குப் பதிலாகப் போடத் தம்பி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தலைவரம்மா பனியில் நடந்து வந்து அவருக்கு நேரே நின்றார்.

"மதினி, அண்ணனத் தனியா விட்டுட்டு ஏன் வந்தீங்க? வீட்டுக்குப் போங்க."

"பக்கத்து வீட்டுல கதை வாசிக்கிற புள்ள கூட இருக்கு. ஒங்கண்ணன் நேத்து என்ன சொன்னாரு?"

"எடத்தக் குடுத்துறலாம்னாரு."

"எந்த வாயால சொன்னாரு? கஞ்சி எறங்குறதுக்கே வாயப் புடிச்சி தெறக்க வேண்டியிருக்கு."

கொழுந்து எடுக்கும் ஒரு கிழவி கேட்டாள்: "அப்ப இம்புட்டு நாளா நாம பயந்தது இந்த நாக்காலிக்கா?" சிலர் சிரித்துவிட்டார்கள். தம்பி முகம் கறுத்தது. "தோட்டம் ஒடையக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றார். அதில் பாதியாவது உண்மையாக இருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் பயந்ததும் உடனே நடந்தது. தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு ஆட்கள் தங்கள் ஆள்தான் இனித் தலைவர் என்றார்கள். கீழ்க்கணக்கு ஆட்கள் இன்னொரு பேரைச் சொன்னார்கள். சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தலைவரம்மா குரலை உயர்த்தவில்லை. "மனுசன் உசுரோட கெடக்காரு. அதுக்குள்ள பங்கு போடாதீங்க. தலைவர் யாருன்னு பெறகு அடிச்சிக்குங்க. மழை ஒங்களுக்காக நிக்காது. நான் ஆபீசுக்குப் போறேன். வர்றவங்க வாங்க."

அவர் திரும்பி நடந்தார். முதலில் அந்தக் கிழவி போனாள். பிறகு பெண்கள் கூடையோடு போனார்கள். ஆண்கள் பிடித்திருந்த சட்டைகளை விட்டுவிட்டுப் பின்னால் போனோம்.

அந்தச் சமதரை ஓட்டலுக்குப் போகவில்லை. வீடுகள் ஒரே நாளில் வந்துவிடவும் இல்லை. தலைவர் அந்த மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்தார். சரிவு பிறகு ஒரு மழையில் இறங்கியது. அதற்குள் கீழ்வரிசை வீடுகளில் இருந்தவர்களை மேலே தகரக் கொட்டகைகளுக்கு ஏற்றிவிட்டோம். ஓர் உயிரும் போகவில்லை. இன்னும் சிலருக்கு வீடு பாக்கி இருக்கிறது. தலைவரம்மா இன்னும் ஆபீசுக்குப் போகிறார். அவர் போனால் நாங்களும் போகிறோம்.

நாங்கள் முதலில் போன அன்று துரை ஆபீஸ் படியில் வந்து நின்று கூட்டத்தைப் பார்த்தார். "தலைவர் எங்கே? தலைவரோடுதான் பேசுவேன்" என்றார்.

"அவருக்குப் பேச்சு வராதுங்க" என்றார் தலைவரம்மா. "எனக்கு வரும்."