துக்கம் வந்தால் எழுத்து வருமா?

இன்று காலை செனாவாங் ஊர் மண்டபத்தில், கற்பனை எப்படிப் பிறக்கிறது என்று ஓர் இலவச உரை. பேசியவர் உளவியல் விரிவுரையாளர், இளம்பெண்.

விஷயங்களைச் சேர்த்துக்கொண்டு, பிறகு அவற்றை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டுமாம். மனம் அவற்றை உள்ளுக்குள் ஊறவைத்து, ஒருநாள் பளிச்சென்று கொடுக்குமாம்.

என் பக்கத்தில் சிவம் அண்ணன். தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். அண்ணி இறக்கும்வரை, ஞாயிறு பத்திரிகையில் அவர் சிறுகதை வராத மாதமே இல்லை.

அவர் எழுந்தார்.

“ரெண்டு வருசமா ஓரமாத்தான் வெச்சிருக்கேன் டீச்சர். ஒரு வரிகூட வரல லா.”

“சோகம்கூட படைப்புக்கு உரம்னு ஒரு தியரி இருக்கு சார்…” என்று ஆரம்பித்தார் அந்தப் பெண்.

“அத சாவு வீட்டுலயே சொல்லிட்டாங்கம்மா. இனிமேதான் எழுத்து கொட்டும்னு. நானும் நம்பி புது நோட்டு வாங்குனேன். தொறந்தா அவ பேரத்தான் எழுதுறேன். அதுக்கு மேல கை போவ மாட்டுது.”

அந்தப் பெண் மைக்கை இறக்கினார். “அத நான் சொல்லியிருக்கக் கூடாது சார். சோரி.”

அண்ணன் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

சாவு வீட்டில் அவர் தோளைத் தட்டி அதைச் சொன்னவன் நான்தான்.

வெளியே வந்ததும், “அண்ணே, கடையில தேத்தண்ணி குடிக்கலாமா?” என்றேன்.

“பஸ் எடுக்கணும் தம்பி,” என்று போய்விட்டார்.

துக்க வீட்டில் என்ன சொல்லலாம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்பதை மட்டும் நானே கண்டுபிடித்துவிட்டேன், இரண்டு வருடம் கழித்து.