இரண்டு நிமிட ஊர்

நகோயாவில் புல்லட் ரயில் நின்றால் அதிகம் இரண்டு நிமிடம். டோக்கியோவைப் பார்த்துவிட்டுக் கியோட்டோவுக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் அதற்குள் சன்னல் வழியாக எங்களை ஒரு பார்வை பார்ப்பார்கள். நாங்களும் அவர்களைப் பார்ப்போம். இறங்குகிறவர் அபூர்வம். பிளாட்பாரத்தில் நின்றபடியே சாப்பிடுகிற நூடுல்ஸ் கடையில் நானும் இகுயோவும் ஒன்றாக வேலை பார்க்கிறோம். நான் வாயாடி. அவள் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

அவளுக்கு ஒரே மகள், சிகுசா. டோக்கியோவில் இருக்கிறாள். வெளிநாட்டுப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வழிகாட்டி வேலை. போகிற போதெல்லாம் எங்கள் பிளாட்பாரம் வழியாகத்தான் போயாக வேண்டும். எந்தப் பெட்டி என்று முந்தின நாளே சொல்லிவிடுவாள். இகுயோ விடியலில் எழுந்து, பொரித்த இறாலை உள்ளே வைத்துச் சோற்று உருண்டை பிடித்துத் துணியில் கட்டி, அந்தப் பெட்டி வந்து நிற்கிற இடத்தில் காத்திருப்பாள். கதவு திறக்கும், பொட்டலம் கைமாறும். "இளைச்சுட்டியேடி." "இல்லம்மா." கதவு மூடிவிடும். தாயும் மகளும் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

எங்கள் கடையின் கிஷிமென், பட்டையாக இருக்கிற நூடுல்ஸ், அதைப் பொட்டலம் கட்ட முடியாது. ஊறிப்போய் வாயில் வைக்க விளங்காது. "ஒரே ஒரு தடவ எறங்கி, என் கையால ஒரு கிண்ணம் சூடா சாப்பிட்டுட்டுப் போகலாம்ல" என்று என்னிடம் சொல்வாள். மகளிடம் கேட்கமாட்டாள். வேலையாக இருக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வசந்தத்தில் ஒரு நாள், கதவு திறந்தபோது சிகுசாவின் பின்னாலிருந்து நெட்டையான பயணி ஒருவர் தலையை நீட்டி ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள்.

"என்னடி கேக்குறாரு?"

"எறங்கிப் பாக்கலாமான்னு கேக்குறாரும்மா. இந்த ஊர்ல பாக்க ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

கதவு மூடிக்கொண்டது. இகுயோ கடைக்குத் திரும்பி, கழுவின கிண்ணங்களையே மறுபடி கழுவினாள்.

"அட, நாம எல்லாருமே அப்படித்தானே சொல்றோம்?" என்றேன். பொய்யில்லை. யார் கேட்டாலும், ஒரு கோட்டை இருக்கு, வேற ஒண்ணும் இல்லை என்று எங்கள் ஊரை நாங்களே மட்டம் தட்டுவோம். அது எங்கள் பழக்கம்.

"ஊர்ல ஒண்ணும் இல்லாட்டி என்ன? நான் இருக்கேன்ல?" என்றாள் இகுயோ.

அடுத்த தடவை அவள் உருண்டை பிடிக்கவில்லை. ரயில் வாசலுக்கும் போகவில்லை. பொறுக்காமல் நான் போனேன், வெறுங்கையோடு.

"அம்மா எங்க, அத்தை?"

"உள்ள இருக்கா. பாக்க ஒண்ணும் இல்லாத ஊர்ல நீ யாரத் தேடுற?"

அவள் முகம் செத்துப்போயிற்று. வண்டி நகர்ந்துவிட்டது. இகுயோவிடம் இதைச் சொன்னபோது எனக்குத்தான் விழுந்தது. "எம்புள்ளையத் திட்ட நீ யாரு?" என்றவள் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம் சிகுசாவிடமிருந்து செய்தியே இல்லை. ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் இகுயோ கரண்டியைப் பிடித்தபடி எட்டிப் பார்ப்பாள். பார்க்காத மாதிரி நான் வெங்காயத்தாள் நறுக்குவேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் மதியம், வண்டியிலிருந்து ஒரு மஞ்சள் கொடி இறங்கியது. அதன் பின்னால் பையும் குடையுமாக ஒரு கும்பல், நேரே எங்கள் கடைக்குள். கொடியைப் பிடித்திருந்தது சிகுசா.

"எல்லாருக்கும் கிஷிமென் குடும்மா. அடுத்த வண்டிக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? உருண்டைகூடப் பிடிக்கலையேடி!"

"சொன்னா பொட்டலத்தத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிப்ப. எனக்கு அது வேணாம்."

இடித்துப் பிடித்து நின்று எல்லாரும் சாப்பிட்டார்கள். நூடுல்ஸ் மேலே தூவின காய்ந்த மீன் சீவல் ஆவியில் உயிருள்ளது போல நெளிவதைப் பார்த்து ஒரு பெண் பயந்து கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். சிகுசாவுக்குக் கடைசிக் கிண்ணம். குழம்பு விளிம்பு வரை தளும்பியது.

"அம்மா, அன்னிக்கு நான்..."

"சாப்பிடு. ஆறிடும்."

உறிஞ்சிச் சாப்பிட்டாள். மூக்கு சிவந்திருந்தது, சூட்டினால் மட்டும் இல்லை. அப்போது ஒரு பெரியவர் கேமராவைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்குறாரு?" என்றாள் இகுயோ.

"இந்த ஊர்ல பாக்க என்ன இருக்குன்னு கேக்குறாரு."

இகுயோ அடுப்பைக் குறைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். சிகுசா கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொடியை உயர்த்தினாள். கோயிலையும் கோபுரத்தையும் காட்டுகிற அந்தக் கொடியைத் தன் அம்மாவின் பக்கம் நீட்டி, அவர்கள் பாஷையில் நிதானமாக ஏதோ சொன்னாள். அத்தனை பேரும் இகுயோவைப் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து வணங்கினார். மற்றவர்களும் வணங்கினார்கள்.

இகுயோ கரண்டியோடு திருப்பித் திருப்பிக் குனிந்தாள். "எதுக்கு எல்லாரும் என்னையே பாக்குறாங்க?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

எனக்கு மட்டும் அந்தப் பாஷை தெரியுமா? ஆனாலும் புரிந்தது. சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.